பைக்கு அடியில் ஒரு தாள்

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் எழுந்து நடமாடிக்கொண்டுதான் இருக்கிறேன். மலையைக் குடைகிற உனக்கு இருமல் விட்டதா? முகமூடி போடு என்றால் கேட்க மாட்டாய். இனிமேல் நானும் போட வேண்டும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

சர்க்கரை என் சிறுநீரகம் இரண்டையும் முடித்துவிட்டது. டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார். உடம்பில் சேரும் கழிவை இனி நாமாகத்தான் வெளியே எடுக்க வேண்டுமாம், அதற்கு இரண்டு வழி. ஒன்று, வாரத்துக்கு மூன்று முறை ஆஸ்பத்திரிக்குப் போய் இயந்திரத்துக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காருவது. ரத்தம் குழாய் வழியாக வெளியே போய்ச் சுத்தமாகித் திரும்பி வரும். அந்த நாற்காலி உனக்கு ஞாபகம் இருக்காது, நீ அப்போது சின்னப்பையன். அப்பா அதில் உட்கார்ந்தபடியேதான் போனார். அவர் கை என் கையில் இருந்தது. "எத்தனையோ பேர் அதுல வருஷக்கணக்கா நல்லா இருக்காங்கம்மா" என்கிறார் டாக்டர். இருக்கட்டும், அவர்கள் நன்றாக இருக்கட்டும். என் கால் அந்த அறைக்குள் போகாது.

இரண்டாவது வழி வயிற்று வழி டயாலிசிஸ். வயிற்றுக்குள் ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறதாம், இத்தனை வயது வரை நான் கேள்விப்பட்டதே இல்லை. தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரு மெத்தென்ற குழாயை வைத்துவிடுவார்கள். அதன் வழியாக மருந்துத் தண்ணீரை உள்ளே விட்டால், அது சில மணி நேரம் அங்கேயே இருந்து, சவ்வு வழியாக ரத்தத்திலுள்ள அழுக்கை வாங்கிக்கொள்ளும். பிறகு வடித்துவிட்டு வேறு தண்ணீர். ஒரு நாளைக்கு நான்கு முறை, வீட்டிலேயே, என் கையாலேயே. இதைத்தான் எடுத்துக்கொண்டேன்.

நர்ஸ் கேட்டார்: "வீட்டுல கூட யார் இருக்காங்க?" "தம்பி" என்று சொல்லிவிட்டேன். கோபப்படாதே. தனியாக இருக்கிறேன் என்றால் யோசிப்பார்கள், அப்புறம் நாற்காலிதான். ஆகையால் நீ இப்போது என்னோடு இருக்கிறாய்.

உன் அக்கா


ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. எனக்கு ஒரு குறையும் இல்லை, இருமல்கூட இல்லை. உன் கடிதத்தைப் படித்ததும்தான் உடம்பு சரியில்லாமல் போயிற்று.

உன்னோடு நான் குடியிருப்பதில் சந்தோஷம். ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருக்கலாம். இங்கே நான் சுரங்கப்பாதைக் குகைக்குள் கம்பி இழுத்து விளக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன், அங்கே உனக்கு மயக்கம் வந்தால் யார் தண்ணீர் கொடுப்பது? சாமான் லாரி பத்து நாளைக்கு ஒருமுறைதான் வருகிறது. அவசரம் என்றால் அடிவாரத்து ஆபீஸுக்குப் போன் செய், அவர்கள் ஆள் அனுப்புவார்கள். அங்கே இறங்கினால் நானும் பேசலாம்தான். ஆனால் போனில் நீ "நல்லா இருக்கேன்டா" என்று ஒரே மூச்சில் சொல்லி வைத்துவிடுவாய். ஒரு பக்கம் முழுக்கப் பொய் எழுதுவது கஷ்டம். அதனால் எழுது. எல்லாவற்றையும் எழுது.

அந்தத் தண்ணீர் உள்ளேயே தங்கிவிட்டால் என்ன ஆகும்? கிருமி போனால்? எனக்கு இந்த இரண்டு கேள்வியும் போக மாட்டேன் என்கிறது. மிச்சத்தை எழுத விடாமல் லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார்.

உன் தம்பி


பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. வயிற்றில் குழாய் வைத்த புண் ஆறிவிட்டது. உன் கடிதத்தில் மூன்று பிழை, சிவப்பு மையில் சுழித்து வைத்திருக்கிறேன். அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவளின் தம்பி என்று வெளியே சொல்லிவிடாதே.

எல்லாவற்றையும் எழுது என்றாய். சரி, கேட்டுக்கொள். முதலில் ஜன்னலைச் சாத்துவேன். மின்விசிறியை நிறுத்துவேன், தூசி பறக்கக் கூடாது. முகமூடி. பிறகு முழங்கை வரை சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், விரல் இடுக்கு உட்பட. ஆஸ்பத்திரியில் பயிற்சியின்போது என்னை அத்தனை முறை கழுவ வைத்தார்கள், தோலே உரிந்துவிடும் போலிருந்தது. மருந்துப் பை இளஞ்சூடாக இருக்க வேண்டும். அதைச் சுவரில் அடித்த கொக்கியில் மாட்டி, காலிப் பையைத் தரையில் போட்டு, வயிற்றுக் குழாயின் மூடியைக் கழற்றி இணைக்க வேண்டும். அந்த ஒரு கணம்தான் எனக்குப் பயம். குழாய் நுனியில் விரல் பட்டாலே போதும், கிருமி நேரே உள்ளே போய்விடும். மூச்சைக்கூட அடக்கிக்கொள்வேன். அப்புறம் ஒன்றும் இல்லை. பழைய தண்ணீர் தானாகக் கீழே வடியும், புதிய தண்ணீர் தானாக உள்ளே இறங்கும். வயிறு கனமாகும், அவ்வளவுதான்.

வடிந்த பையைப் பார்ப்பதுதான் முக்கியம். நர்ஸ் சொன்னார்: "அச்சடிச்ச தாள் ஒண்ணைக் கீழ வைங்க. பைக்கு மேலேருந்து எழுத்தைப் படிக்க முடிஞ்சா கவலை இல்ல. படிக்க முடியலைன்னா கலங்கல், அப்படின்னா உள்ள கிருமி. அடுத்த நிமிஷம் எனக்குப் போன் வரணும்." படிப்பது என் தொழில், இதில் என்ன கஷ்டம்? நான் கடைசியாகத் திருத்திய மூன்றாம் வகுப்புப் பாடத்தாளை மேஜையில் ஒட்டிவிட்டேன். ஒரே தாள், ஒரே எழுத்தளவு இருந்தால்தானே ஒப்பிட முடியும்? "எறும்புகள் வரிசையாகச் செல்கின்றன. முன்னே செல்லும் எறும்பு வழியைக் காட்டுகிறது." எல்லாம் பளிச்சென்று தெரிகிறது.

நர்ஸ் நேற்று வீடு பார்க்க வந்தார். உன் நீலச் சட்டையைக் கொடியில் போட்டு, செருப்பை வாசலில் வைத்திருந்தேன். "தம்பி எங்க?" "இப்பத்தான் வேலைக்குப் போனான், வழியில பார்க்கலையா?" என்றேன். நீ சமர்த்துப் பிள்ளை, நன்றாகவே ஒத்துழைத்தாய்.

உன் அக்கா


பிப்ரவரி 26

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நலமாக இருக்கிறேன், என் சட்டையும் செருப்பும் நலமா?

நீ எழுதியதை மூன்று தடவை படித்தேன். மூடியைக் கழற்றும் இடம் வரும்போதெல்லாம் நானும் மூச்சை அடக்கினேன். பக்கத்துக் கட்டில்காரர் "என்னப்பா, கடுதாசியில பேயா வருது?" என்று கேட்டார்.

எங்களுக்கும் தண்ணீரைப் பார்க்கும் வேலை உண்டு. குகைச் சுவரில் கசிகிற தண்ணீர் தெளிவாக இருந்தால் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிடுவோம். கலங்கி வந்தால், பாறைக்குள் ஏதோ கரைகிறது என்று அர்த்தம். அப்போது யாரும் யாரையும் கேட்கக் கூடாது, கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெளியே ஓட வேண்டும். கொஞ்சம்தான் கலங்கல், நாளைக்குப் பார்க்கலாம் என்று நின்றவர்களைப் பற்றி இங்கே யாரும் பேசுவதில்லை. நீயும் அப்படி நிற்கக் கூடாது. சத்தியம் செய்து எழுது.

உன் தம்பி


மார்ச் 18

அன்புள்ள தம்பிக்கு,

அக்காதான். சௌக்கியம். நீயும் சௌக்கியமாக இரு.

பேனா சரியில்லை, எழுத்து பெரிசு பெரிசாக விழுகிறது. அச்சகத்துக்கு இப்போது போவதில்லை. பள்ளிப் புத்தகம் எல்லாம் முடிந்துவிட்டது, வேலை குறைவு. முதலாளியே "ரெஸ்ட் எடுங்கம்மா" என்றார்.

தண்ணீர் தெளிவு. எறும்புகள் வரிசையாகச் செல்கின்றன. நீ கேட்ட சத்தியத்தைச் செய்துவிட்டேன், போதுமா?

உன் அக்கா


ஏப்ரல் 4

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் நலம் என்பதை எழுதிவிட்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

உன் வரிகள் தாளில் மேலே ஆரம்பித்துச் சரிந்து சரிந்து அடுத்த வரியின் மேல் ஏறுகின்றன. கோடு போட்ட மாதிரி எழுதுகிறவள் நீ. போன கடிதத்தில் நான் செய்த பிழை ஒன்றைக்கூட நீ திட்டவில்லை. எனக்குத் தெரிந்தே நாலைந்து இருந்தது. பிழை பார்த்துச் சும்மா இருக்க உன்னால் முடியாது, எனக்குப் பத்து வயதிலேயே ஒரு பிழைக்காக என் காதைத் திருகினவள் நீ.

கண்ணைக் காட்டினாயா அக்கா? சர்க்கரை சிறுநீரகத்தோடு நிற்காது, கண்ணுக்கும் போகும் என்று இங்கே கம்பவுண்டர் சொல்கிறார். கோபித்துக்கொள்ளாமல் பதில் எழுது.

உன் தம்பி


ஏப்ரல் 19

தம்பிக்கு,

அக்கா. உயிரோடு இருக்கிறேன்.

கம்பவுண்டரை அவர் வேலையைப் பார்க்கச் சொல். கண்ணுக்கு ஒன்றும் இல்லை, களைப்புதான். நீ பாட்டுக்கு நர்ஸுக்கு எதையாவது எழுதிவைக்காதே. கண் சரியில்லாதவர்கள் இதைத் தனியாகச் செய்யக் கூடாதாம். அப்புறம் என்னை எங்கே உட்கார வைப்பார்கள் என்று உனக்குத் தெரியும். அப்பாவின் கை சில்லென்று ஆனது எனக்குத்தான் தெரியும், உனக்குத் தெரியாது.

வடியும் தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கிறது. காலையில்கூடப் படித்தேன். எறும்புகள் வரிசையாகச் செல்கின்றன. முன்னே செல்லும் எறும்பு வழியைக் காட்டுகிறது.

அக்கா


ஏப்ரல் 25

அக்கா,

லாரி வரும்வரை பொறுக்க முடியவில்லை. அடிவாரத்துக்கு நடந்து போகிற ஒருவரிடம் கொடுத்து விரைவுத் தபாலில் போடச் சொல்கிறேன். போனிலும் கூப்பிட்டிருப்பேன், நீ "தெளிவா இருக்குடா" என்பாய், நானும் நம்பிவிடுவேன்.

எல்லாக் கடிதத்திலும் எனக்கு அதே எறும்பைத்தான் எழுதியிருக்கிறாய். அச்சகத்தில் கடைசிப் புரூஃபை ஏன் புது ஆளிடம் கொடுப்பார்கள் என்று நீதானே எனக்குச் சொன்னாய்? ஒரே ஆள் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தால், தாளில் இருப்பதைப் படிக்க மாட்டான், தலையில் இருப்பதைப் படிப்பான் என்று. இரண்டு மாதத்துக்கு மேலாக அந்தத் தாளை நாளுக்கு நான்கு முறை பார்க்கிறாய். நடுவில் சுவரே இருந்தாலும் நீ அதைப் படித்துவிடுவாய்.

இதோடு இன்னொரு தாள் மடித்து வைத்திருக்கிறேன். அதை இப்போது பிரிக்காதே. இந்தத் தாளை எப்படியாவது படித்துவிடுகிறாய் என்று நம்புகிறேன், பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். அடுத்த முறை தண்ணீர் வடித்ததும் அந்தத் தாளைப் பிரித்துப் பைக்கு அடியில் வை. அதில் அச்சு மாதிரிச் சின்னதாக எழுதியிருக்கிறேன். பைக்கு மேலிருந்து படி. என்ன எழுதியிருந்தது என்று எனக்குச் சொல். சொல்ல முடியவில்லை என்றால், நாளைக்கு என்று நிற்காதே.

தம்பி

(இரண்டாம் தாள்)

அக்கா, எனக்குப் பயமாக இருக்கிறது. குகையில் விளக்கு அத்தனையும் அணைந்த அன்றுகூட இப்படிப் பயந்ததில்லை. அப்பா போனபோது என்னைத் தூக்கி வைத்துக்கொண்டு "ஒண்ணும் இல்லடா" என்று சொன்னாய். நான் நம்பினேன். இந்த முறை மட்டும் என்னிடம் அப்படிச் சொல்லாதே.


ஏப்ரல் 29

அன்புள்ள தம்பிக்கு,

எழுதுவது கீழ்வீட்டு அம்மா. உங்க அக்கா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். அவர் சொல்வதை அப்படியே போடுகிறேன்:

"கடிதம் கிடைத்தது. முதல் தாளைப் படிக்கவே காலைப்பொழுது போய்விட்டது. நீ சொன்னபடி மற்றதைப் பைக்கு அடியில் வைத்தேன். ஒரு எழுத்தும் தெரியவில்லை. பையை எடுத்துவிட்டு வெறும் தாளைப் பார்த்தேன். அப்போதும் தெரியவில்லை. தம்பி, கலங்கியிருப்பது பையா, என் கண்ணா என்று எனக்குத் தெரியவில்லை. தண்ணீரைப் பார்க்க எனக்கு வழியே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. எத்தனை நாளாக இல்லை என்றும் தெரியாது. நேற்றிலிருந்து வயிறு வலிக்கிறது. எனக்கும் பயமாக இருக்கிறது. இதுதான் உண்மை. தரையைத் தட்டி இவரைக் கூப்பிட்டேன்."

நான் போய்ப் பார்த்தேன். பையில் இருந்த தண்ணீர் பால் ஊற்றிய மாதிரி இருந்தது. நர்ஸுக்கு நானே போன் செய்தேன், பையோடு வரச் சொன்னார்கள், வண்டிக்குக் காத்திருக்கிறோம். நீங்கள் எழுதிய சின்னத் தாளை நான்தான் வாசித்துக் காட்டினேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

இது அவருக்குத் தெரியாமல் நான் எழுதுவது. ரொம்ப நாளாகவே சுவரைப் பிடித்துக்கொண்டுதான் படி இறங்குகிறார். கேட்டால் சண்டைக்கு வருவார். தம்பி கூடவே இருக்கிறான் என்றும் சொல்வார். நான் உங்களை ஒருநாளும் பார்த்ததில்லை.


மே 8

மதிப்புக்குரிய தம்பி அவர்களுக்கு,

உங்கள் அக்காவைக் கவனிக்கும் நர்ஸ் எழுதுகிறேன். உங்கள் சட்டையை நான் பலமுறை சந்தித்திருக்கிறேன். உங்களைச் சந்திக்கும் பாக்கியம் இன்னும் கிடைக்கவில்லை.

வயிற்றுச் சவ்வில் கிருமித் தொற்று. டயாலிசிஸ் தண்ணீரிலேயே மருந்து கலந்து விடுகிறோம். காய்ச்சல் விட்டது, தண்ணீர் தெளிந்து வருகிறது. இன்னும் இரண்டு நாள் தாமதித்திருந்தால் என்ன எழுதியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது. மருந்து முழுவதும் முடிந்த பிறகும் இது திரும்பி வரலாம், குறிப்பாக முதல் சில வாரங்களில். கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது. ஊசி போடுகிறார்கள். உருவம் தெரியும், எழுத்து இனிமேல் சந்தேகம்தான்.

இனி அவர் தனியாக இதைச் செய்ய நான் சம்மதிக்க மாட்டேன். யாராவது கூட இருந்து பழகிக்கொள்ள வேண்டும், அல்லது இயந்திரம். இயந்திரம் என்றதும் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பிறகு, "அவனுக்கு வேலை இருக்கு, அவனைக் கூப்பிடாதீங்க" என்றார். அதனால்தான் அவரைக் கேட்காமல் எழுதுகிறேன். வருவதானால் நகத்தை வெட்டிக்கொண்டு வாருங்கள்.


ஜூன் 21

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது, உன் மேஜையிலிருந்து. நீ நாலடி தள்ளித் தூங்கிக்கொண்டிருக்கிறாய். இதை உன்னால் படிக்க முடியாது என்று தெரியும். ஆனாலும் உனக்கு எழுதித்தான் எனக்குப் பழக்கம். தண்ணீர் வடிந்து முடியும்வரை வேறு வேலையும் இல்லை.

முகமூடிக்குள் வியர்க்கிறது. மூடியைக் கழற்றும்போது இன்றைக்கும் மூச்சை அடக்கிக்கொண்டேன். "மலையைக் குடைஞ்ச கையாச்சே, என் வயித்தையும் குடைஞ்சிடாதடா" என்று நீ சிரித்தாய். சிரித்துவிட்டுக் கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாய். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். காலையிலிருந்து நீ சரியாகச் சாப்பிடவில்லை. வெயில் என்றாய்.

பயிற்சியில் நர்ஸ் என்னை எத்தனை முறை கை கழுவ வைத்தார் என்று கேட்காதே. தேறிவிட்டேன் என்று அவர் சொன்ன அன்று நீ வார்டு முழுக்கப் பெருமையடித்தாய். மேஜையிலிருந்து உன் எறும்பைச் சுரண்டி எடுத்தபோது மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாய்.

பை நிறைந்துவிட்டது. குழாயை மூடிவிட்டேன். இரு.

முதலில் கைக்குக் கிடைத்த இந்தக் கடிதத்தையே அடியில் வைத்துப் பார்த்தேன். எல்லா வரியும் தெரிந்தது. நிம்மதியாக உட்கார்ந்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது, இதை எழுதியதே நான்.

இன்றைய செய்தித்தாளை வைத்தேன். தலைப்பு தெரிகிறது. அதற்குக் கீழே இருக்கும் பொடி எழுத்து தெரியவில்லை. விளக்கைப் போட்டேன். வேறு பக்கத்தைத் திருப்பி வைத்தேன். தெரியவில்லை.

அக்கா, ஒரு நிமிஷம் சும்மா நின்றேன். நீ எழுந்து "எப்படிடா இருக்கு?" என்று கேட்பாய். "தெளிவா இருக்குக்கா" என்று சொன்னால் நம்புவாய், உன்னால் பார்க்க முடியாது. சாயங்காலம் ஒருவேளை தெளிந்துவிடலாம். அப்படிச் சொல்லிவிட எவ்வளவு ஆசையாக இருக்கிறது தெரியுமா? இத்தனை நாளும் நீ என்னிடம் ஏன் மறைத்தாய் என்று கோபமாக இருந்தேன். இப்போது கோபம் இல்லை.

நர்ஸுக்குப் போன் செய்துவிட்டேன். பையை எடுத்துக்கொண்டு உடனே கிளம்பச் சொல்கிறார். இந்த முறை மருந்து கேட்காவிட்டால் குழாயை எடுக்க வேண்டியிருக்கும், நாற்காலியில் உட்கார வேண்டியிருக்கும் என்றார். உன்னிடம் நானே சொல்ல வேண்டுமாம்.

கீழே வண்டிக்குச் சொல்லிவிட்டு வந்தேன். நீ இன்னும் தூங்குகிறாய், வாய் லேசாகத் திறந்திருக்கிறது. பேனாவை வைத்துவிட்டு உன்னை எழுப்பப் போகிறேன்.

உன் தம்பி